மணல் மூட்டை திரும்பிப் பார்க்காது

நேற்று நம் பட்டறைக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவன் வந்தால் காபி கொடுத்து ஓரமாக உட்காரவைப்பது வழக்கம். நானும் உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஐந்து பேரும் ஒரு குதிக்கும் பொம்மையின் மேல் மணல் மூட்டையைக் கட்டி, அழுத்தி விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, நோட்டில் ‘சாயவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் காபியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அந்த மூட்டை எனக்கு நெடுநாள் பழக்கம். ஒரு தடவை அதை நம்பி, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கதை என்னுடையது. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கிழவன் வாயைத் திறந்தால் நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டு நேரத்திலாவது படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பொம்மைக்காரன் இல்லை. போடியில் ஒரு ஜீப்புப் பட்டறையில் மெக்கானிக். வயது இருபத்தெட்டு. கை சுத்தம், வாய் நீளம். பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்புகளை ஏலத் தோட்டக்காரர்கள் வாங்கி ஓட்டிய காலம் அது. மலைப்பாதையில் முறிந்த, வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டையையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவதுதான் எங்களுக்குப் பாதி நாள் சோலி. மாற்றி முடித்ததும் கொட்டகுடி ஆற்று மணலை மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றிப் பார்ப்போம். வண்டி எடுக்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே, ‘மூட்டை வச்சுப் பாத்தாச்சா?’ என்பதுதான். ஆச்சு என்று சொல்லிவிட்டால் வேறு பேச்சே கிடையாது. சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் குரங்கணிக்கு மேலே உள்ள ஒரு ஏலத் தோட்டத்திலிருந்து கம்பவுண்டர் வந்தார். மருந்து வாங்கப் போடிக்கு இறங்கி வரும்போதெல்லாம் எங்கள் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர். அன்றைக்கு ஊர்க்கதை எதுவும் பேசவில்லை.

“மேஸ்திரி, நம்ம தோட்டத்துல பேச்சின்னு ஒரு பொண்ணு. ஏலக்காய் எடுக்கிறவ. புருசன் இல்ல. மூணு வயசுல ஒரே பிள்ளை, மயிலுன்னு பேரு. இன்னும் நடக்கல. பொச்சத் தேச்சுக்கிட்டே நகருது. நானும் காலத் தட்டிப் பாத்துட்டேன், நீட்டி மடக்கிப் பாத்துட்டேன். சீக்கு ஒண்ணுமில்ல. பொறந்ததுலேர்ந்து காச்சலும் மழையுமாத் தொட்டில்லயே கெடந்திருக்கு. சோலி இல்லாத காலு, அம்புட்டுத்தான். அதுக்கு ஒரு சோலி குடுக்கணும்.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“உக்காந்து குதிக்கிற மாதிரி ஒரு சாமான் செஞ்சு குடுங்க. ஸ்பிரிங்கு ஒமக்குக் கைவந்த கலையில்ல?”

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. தோட்டத்தில் ஒரு பிள்ளைக் கொட்டகை இருந்தது. தாய்மார் காய் எடுக்கப் போனால் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். இருபது பிள்ளைகளுக்கு ஒரே ஆயா. நடக்காத பிள்ளையை எந்நேரமும் தூக்கிச் சுமக்க ஆள் இல்லை, அடுத்த மாதத்திலிருந்து மயிலைச் சேர்க்க முடியாது என்று கங்காணி பேச்சியிடம் சொல்லிவிட்டாராம். அப்படியானால் மூன்று வயதுப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்கும் ஈரச் சரிவில் அவள் காய் எடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட்டு மலை இறங்க வேண்டும். இறங்கினால் கீழே அவளுக்கு யாரும் இல்லை.

செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இளகிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். என் கைத்திறமையைக் காட்ட ஒரு இடம் கிடைத்ததே என்ற ஆசையும் அதில் பாதி இருந்தது.

ஒரு குதிரை செய்தேன். அடியில் பலகை. அதன் மேல் பழைய ஜீப்பு சீட்டிலிருந்து எடுத்த சுருள் ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங்குக்கு மேல் மெத்தை வைத்த இருக்கை, முன்னால் மரத்தில் இழைத்த குதிரைத் தலை, பிடித்துக்கொள்ள இரண்டு காதுகள். காலை வைத்துக்கொள்ள இரு பக்கமும் கம்பி வளையம். உட்காரும் உயரம் ஒரு முழத்துக்கு மேல். தலைக்குச் சிவப்புச் சாயம், கண்ணுக்கு இரண்டு பித்தளை ஆணி. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். அந்தத் தோட்டத்துக்கு ஜீப்பு குரங்கணி வரைதான் போகும். அதற்கு மேல் கழுதைப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். கழுதையின் விலாவில் கட்டும் சாமான் அகலமாக இருந்தால் பாறையில் இடித்துக் கழுதையையே பள்ளத்தில் தள்ளிவிடும். அதனால் மலைக்குப் போகிற எதையும் நாங்கள் நீளமாக, ஒடுக்கமாகத்தான் செய்வோம். பெட்டி, கட்டில், கதவு எல்லாம் அப்படித்தான். யாரும் சொல்லித் தர வேண்டாம், கை தானாகவே அப்படி வெட்டும். குதிரையின் அடிப்பலகையும் இரண்டரை அடி நீளம், ஒரு சாண் அகலம் என்று வெட்டினேன். ஏன் ஒரு சாண் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

கம்பவுண்டர் சொல்லியிருந்த எடைக்கு மணல் மூட்டை கட்டினேன், இருபத்தைந்து ராத்தல், உங்கள் கணக்கில் பதினொரு கிலோ. இருக்கையில் வைத்துக் கட்டி அழுத்தி விட்டேன். குதித்தது. பத்து, ஐம்பது, இருநூறு என்று அழுத்தினேன். குதித்து அப்படியே நின்றது. முன்னால் இழுத்தேன், பின்னால் இழுத்தேன். சாயவில்லை. மூட்டை வச்சுப் பாத்தாச்சு. எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

இந்தச் செய்தி தோட்டத்து முதலாளி காதுக்குப் போனது. எங்கள் பட்டறைக்கு அவர் பெரிய வாடிக்கை, நான்கு ஜீப்பு வைத்திருந்தார். பிள்ளைக் கொட்டகை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு லேபர் ஆபீசர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. “ஒண்ணு எதுக்கு? ஆறாச் செய்யி. வரிசையா நிக்கட்டும், பாக்க லட்சணமா இருக்கும்” என்று ஆள் அனுப்பினார். ஆறு செய்தேன். வெள்ளிக்கிழமை மூன்று கழுதைகளில், விலாவுக்கு ஒன்றாக ஆறு குதிரைகளையும் கட்டினோம். மரம் கழுதையின் தோலை உரசாமல் இருக்க, ஒட்டுப்போட்ட பழைய ஜீப்பு டியூபுகளில் பாதிக் காற்று அடைத்து, வளையத்தை நீளவாக்கில் நசுக்கிக் கயிற்றால் இறுக்கி, குதிரைக்கும் கழுதைக்கும் நடுவில் மெத்தையாகச் செருகினேன். அந்த டியூபுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று அவற்றை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கொட்டகையில் குதிரைகளை வரிசையாக நிறுத்தினோம். முதலாளி சொன்னபடி எல்லாம் உள்சுவரைப் பார்த்து நின்றன. ஆபீசர் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவாராம். வாசல் குதிரைகளுக்கு வலக்கைப் பக்கம் இருந்தது. கொட்டகை ஆயா போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி, நாற்பது வயதிருக்கும். மலையில் பதினைந்து வருடம் இருந்ததில் பேச்சில் மலையாளமும் கலந்திருந்தது. குதிரைகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்க் கஞ்சி ஊற்றினார். நான் பாராட்டை எதிர்பார்த்தவன். கொஞ்சம் கோபம்தான் வந்தது.

பிள்ளைகள் மாறி மாறி ஏறினார்கள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. மயிலையும் தூக்கி ஏற்றினோம். சின்ன முகம், பெரிய கண், சுருட்டை முடி. காதைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். கம்பவுண்டர் வந்து பார்த்து என் தோளைத் தட்டினார். மத்தியானம் முழுக்க ஒரு குதிரையும் சாயவில்லை. ஆயா மட்டும் ஒவ்வொரு குதிரைப் பக்கமாகப் போய் நின்று, ஒரு காலை அடிப்பலகையின் மேல் வைத்தபடி வெற்றிலை போட்டார். காலுக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் குதிரையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை.

நாலு மணிக்குக் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். காய் எடுக்கிறவர்களுக்கு வேலை முடிந்ததற்கான மணி. அடுத்த நிமிடமே சரிவில் பேச்சுச் சத்தம் கேட்டது. கொட்டகையில் இருந்த இருபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். குதிரை மேல் இருந்த ஆறு பேரும்தான். திரும்பியது முகம் மட்டும் இல்லை. தலை, தோள், கை எல்லாம் அம்மா வருகிற பக்கம் சாய்ந்தன. ஆயா அப்போதுதான் வாசலில் கூடையை இறக்கிய ஒருத்தியிடம் கைக்குழந்தையை நீட்டிக்கொண்டிருந்தார்.

மயிலின் குதிரை பக்கவாட்டில் சாய்ந்தது. நான் நாலடி தள்ளி நின்றேன். அந்த நாலடியை எட்ட முடியவில்லை.

தாய்மார் மழைக்குப் போர்த்தி வந்த கம்பளிகளை வாசல் ஓரமாகக் குவித்திருந்தார்கள். அவள் தலை அந்தக் குவியலில் போய் விழுந்தது. குவியலுக்கு ஒரு சாண் தள்ளிக் கருங்கல் படி. குதிரை அவள் கால்மாட்டில் விழுந்து, ஸ்பிரிங்கு இரண்டு தடவை கிணிகிணி என்று ஆடி நின்றது. பிள்ளையிடமிருந்து சத்தம் இல்லை. பிறகு அவள் வீறிட்டு அழுதாள். நல்ல உரத்த, கோபமான அழுகை. அதைக் கேட்டதும்தான் ஓடிப்போய்க் குதிரையை அவள் கால்மாட்டிலிருந்து இழுத்துப் போட்டேன். பேச்சி ஓடிவந்து பிள்ளையை அள்ளித் தலையைத் தடவினாள். ஒரு கீறல் இல்லை.

கம்பவுண்டர் வந்து கண்ணை, கழுத்தை, கையை எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் புத்தி பழையபடி பட்டறைக்குப் போனது. “அடிப்பலகைக்கு ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சு அகலமாக்கிட்டாச் சரியாப் போகும்” என்றேன்.

ஆயா பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் குதிரையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

“ஏன் தம்பி, இத முதல்லயே அகலமாச் செஞ்சிருந்தா என்ன?”

“பாதை ஒடுக்கமாச்சேக்கா. கழுதையில வரணும்ல.”

“அப்பப் பாதைக்குச் செஞ்சியா, பிள்ளைக்குச் செஞ்சியா?”

ஆயா அதோடு விடவில்லை. “காலையிலேர்ந்து பாக்குறேன். கம்பிக்குள்ள காலத் திணிச்சு வச்சிருக்க. கம்பவுண்டரு காலுக்குச் சோலி குடுக்கச் சொன்னாரா, லீவு குடுக்கச் சொன்னாரா? தரை எட்டாத பிள்ளை எதை ஊனி நிக்கும்? மோளே, எறங்கு, எறங்கு” என்று கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டார்.

மெக்கானிக்குக்கு வண்டியில் ஏறுகிற ஆள் ஒரு சுமை. சுமையை ஆடாமல், அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவன் வேலை முடிந்தது. கால் வைக்கக் கம்பி கொடுத்ததும் அந்தப் புத்தியில்தான். ஆனால் இங்கே பிள்ளை சுமை இல்லை, பிள்ளைதான் எஞ்சின். அதன் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, ஸ்பிரிங்கைக் குதிக்கவைத்திருக்கிறேன். மணலுக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம்கூட எனக்கு உறைக்கவில்லை. மணல், மூட்டையின் அடியில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சின்னப் பிள்ளைக்குக் கனமெல்லாம் தலையில். மணலுக்கு அம்மாவும் கிடையாது. நாலு மணி அடித்தால் அது திரும்பிப் பார்க்காது.

இதற்குள் முதலாளி வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டார். பிள்ளைக்கு அடி இல்லை என்றதும் அவருக்கு அது முடிந்துபோன விஷயம்.

“ஒரு தடவை விழுந்ததுக்கு இம்புட்டு அமளியா? ஆயாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லு.”

“ஆறு குதிரைக்கு ஒரு ஆயா, முதலாளி.”

“அப்ப ஆணி அடிச்சுத் தரையோட இறுக்கு.”

“மண்தரை. ஈரத்துல ஆணி நிக்காது.”

“திங்கக்கிழமை ஒருநா நின்னாப் போதும்ப்பா. ஆபீசர் போனதும் கழட்டி எறி. யாரு கேக்கப் போறா?”

ஒருநாள்தானே என்று எனக்கும் தோன்றியது. நான்கு ஜீப்பு வாடிக்கை கண் முன்னால் வந்து நின்றது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது பேச்சி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுது முடித்த முகம். என்னைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை.

“அண்ணே, திங்கக்கிழமை இவள இதுல உக்கார வைக்கவா, வேணாமா? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றதச் செய்றேன்.”

திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சற்று முன் பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தவள், செய்த என்னையே நம்பிக் கேட்கிறாள். “வேணாம் ஆத்தா. யாரும் உக்கார வேணாம்” என்றேன். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு குதிரையின் ஸ்பிரிங்கையும் கழற்றிச் சாக்கில் போட்டேன். ஸ்பிரிங்கோடு விட்டுப் போனால், நான் மலை இறங்கியதும் வேறு யாராவது பிள்ளைகளை ஏற்றிவைப்பார்கள். ஸ்பிரிங்கு இல்லாத குதிரை வெறும் பெஞ்சு, அதில் ஏறி யாரும் குதிக்க முடியாது.

“இனிமே என் ஜீப்பு ஒண்ணும் ஒன் கடை வாசல மிதிக்காது” என்று சொல்லிவிட்டு முதலாளி பங்களாவுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காய் எடுப்பு இல்லை. மறுநாள் ஆபீசர் வருவதால் பேச்சியும் இன்னும் சில தாய்மாரும் பிள்ளைகளோடு வந்து, ஆயாவோடு சேர்ந்து கொட்டகையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். காலையில் மலை இறங்கத் தயாராகிக் கொட்டகைக்கு வந்தேன். மனசு சரியில்லை. பிள்ளை பிழைத்தது, சரி. ஆனால் மாதம் முடிய இருபது நாள்தான் இருந்தது. அவள் காலுக்குச் சோலி கொடுக்க வந்தவன், பயத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறேனே என்று இருந்தது. கொட்டகை ஓரத்தில், கழுதையிலிருந்து இறக்கிய டியூபுகள் கயிறு அவிழ்க்காமல் கிடந்தன. அதில் ஒன்றின் மேல் மயிலு உட்கார்ந்திருந்தாள்.

குதிரைப் பக்கம் போகவே மாட்டேன் என்று காலையிலிருந்து அடம் பிடித்தவளாம். இதன் மேல் அவளாகவே நகர்ந்து வந்து ஏறியிருக்கிறாள். இரண்டு பக்கமும் காலைப் போட்டு, உள்ளங்கால் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்திருந்தாள். உயரம் ஒரு சாண்கூட இல்லை. காலை ஊன்றி உந்தினாள், டியூபு அவளைத் தூக்கியது. உட்கார்ந்தாள், அமுங்கியது. மறுபடி உந்தினாள். நான் ஆறு குதிரை செய்தும் கொடுக்காத சோலியை, அவள் கால் இரண்டும் தாங்களாகவே எடுத்துச் செய்துகொண்டிருந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான்தான்.

“பேச்சி, நீ அந்தப் பக்கமா நின்னு கூப்பிடு” என்றேன்.

பேச்சி வாசலில் நின்று கூப்பிட்டாள். மயிலு திரும்பினாள், சாய்ந்தாள். சாய்ந்த பக்கத்துக் கால் தரையில் அழுந்தியது, அவ்வளவுதான். இடம் மாறி நாலு பக்கமும் கூப்பிடச் சொன்னேன். முன்னால் வா, பின்னால் போ, உட்காரு, எழுந்திரு என்று பேச்சியைப் பெண்டு எடுத்துவிட்டேன். பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் காலே முட்டுக் கொடுத்தது. அடிப்பலகையை எவ்வளவு அகலமாக்கலாம் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இரண்டு பக்கமும் காலை ஊன்றினால் அதுதான் அகலம்.

“கொண்டா அந்தச் சாக்க, வெரசா” என்று ஆயா முந்திக்கொண்டார். அன்று பகல் முழுக்க நாங்கள் மூவரும் உட்கார்ந்து வேலை செய்தோம். டியூபுக்குக் காற்று எவ்வளவு என்று கைப்பம்பை வைத்து அடித்தும் இறக்கியும் பார்த்தேன். பேச்சி சாக்கை மடித்து மேல்மெத்தை தைத்தாள். காற்று அடைக்கும் வாய் தொடையில் குத்தாமல் அடிப்பக்கம் போக வேண்டும் என்று ஆயா சொன்னார், மாற்றினேன். பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கயிற்று வளையம். கயிறு தளர்ந்தால் கால் மாட்டும் என்று அதையும் சாக்குக்குள் வைத்துத் தைத்துவிட்டோம். இரண்டு டியூபு வழியில் முள் குத்தி வீணாகியிருந்தது. நான்கு தேறின. நான்கையும் நான்கு பிள்ளைகளை வைத்து, நான்கு பக்கமும் தாய்மாரை நிறுத்திக் கூப்பிட வைத்துப் பார்த்தோம். மணல் மூட்டை பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், தலையில் குல்லா, கையில் நோட்டு. ஸ்பிரிங்கு இல்லாத ஆறு குதிரைகளும் சுவர் ஓரமாக நின்றன. அவற்றைத்தான் முதலில் பார்த்தார்.

“இது என்ன?”

முதலாளி என்னைப் பார்த்தார். மழுப்பிவிடு என்பது அந்தப் பார்வை. “நான் செஞ்ச குதிரை சார். சனிக்கிழமை ஒரு பிள்ளை விழுந்துருச்சு. அடி இல்ல. தப்பு என் மேலதான், கழட்டிட்டேன்” என்றேன்.

“அப்ப இது?” என்று தரையில் கிடந்ததைக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அதன் மேல் உட்கார்ந்திருந்த பயல் ஒருவன், “கழுதை!” என்று கத்தினான். கழுதையோடு வந்ததால் பிள்ளைகள் வைத்த பெயர். ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குதிரை செய்யப் போய்க் கழுதை செய்தவன் என்று என்னை இன்றைக்கும் போடியில் சொல்கிறவர்கள் உண்டு.

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியவரை மழை பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மழை விட்டபோது தண்டவாள மணி அடித்தது. பிள்ளைகள் இருபதும் வாசல் பக்கம் திரும்பினார்கள். நான்கு கழுதையின் மேல் நான்கு பேர், அதில் ஒருத்தி மயிலு. நால்வரும் சாய்ந்தார்கள். நான்கு கால்கள் தரையில் அழுந்தின. டியூபு ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் உப்பியது. ஒருவரும் விழவில்லை. ஆயாவின் கால் எதன் மேலும் இல்லை. அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அதுவே போதும். ஆபீசர் நோட்டில் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளி என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவருடைய ஜீப்பு பிரேக்கு சரியில்லை என்று எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. பின்னால் ஐந்து பழைய டியூபு கிடந்தது. “இதையும் கழுதையாக்கணுமாம்” என்றார் டிரைவர்.

மாதம் முடிந்ததும் டியூபுகளுக்கு ஒட்டுப்போட மலை ஏறினேன். டியூபு வெறும் சாக்குப்போக்கு. மயிலு என்ன ஆனாள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொட்டகைக்குள் நுழைந்தேன். அவளுடைய கழுதையின் மேல் ஆயா உட்கார்ந்து, கைக்குழந்தை ஒன்றை மடியில் போட்டு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார்.

எனக்குத் திக்கென்றது. “என்னக்கா, மயிலு எங்க? சேக்க மாட்டேன்னு அனுப்பிட்டாகளா?”

“அவளுக்கு எதுக்கு இது? எனக்குத்தான் முட்டிவலி” என்று சொல்லி, தாடையால் வாசலைக் காட்டினார்.

மயிலு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். மணி அடித்தது. சரிவிலிருந்து முதல் ஆளாகப் பேச்சி இறங்கி வந்து, கூடையை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். பிள்ளை நிலையை விட்டுவிட்டாள். எட்டு அடி. ஆடி ஆடித்தான் போனாள், ஆனால் யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு அடியையும் நான் வாய்விட்டு எண்ணியிருக்கிறேன், ஆயா சொல்லித்தான் அது எனக்கே தெரியும். அன்று குரங்கணி வரை இறங்கியதில் என் கால் பாதையில் படவே இல்லை. அதற்குப் பிறகு ஜீப்பு ஸ்பிரிங்கு மாற்ற மனசு வரவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். உங்கள் பொம்மை என் குதிரையைவிட ஆயிரம் மடங்கு நன்றாக இருக்கிறது, அதை மனசாரச் சொல்கிறேன். நாளைக் காலையில் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். அந்த மணல் மூட்டையை அவிழ்த்துப் பட்டறை வாசலில் கொட்டுங்கள். பத்து மணிக்குள் தெருப் பிள்ளைகள் அதில் வந்து விளையாடுவார்கள். அவர்களில் ஒரு பிள்ளையை உங்கள் பொம்மையில் உட்காரவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். அதன் அம்மாவை வாசலில் நின்று கூப்பிடச் சொல்லுங்கள்.